மணிக்கூடு இல்லாத மக்களைப் பற்றிக் கேட்கப் போய்ப் பன்னிரண்டு நிமிடம் பிந்தினோம்

நாலு மாதத்தில் எனக்கும் என் கணவருக்கும் ஒன்றாகக் கிடைத்த ஒரே ஞாயிறு அது. இவர் பஸ் ஓட்டுகிறார். அதிகாலை மூன்றரைக்கு வீட்டை விட்டுப் போவார். எனக்கு முதியோர் இல்லத்தில் மாலை ஷிப்ட். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் நித்திரை. அதனால்தான், பொட்டாவாட்டமி என்ற அமெரிக்கப் பழங்குடியினர் மணிக்கூடு இல்லாமல் பொழுதைக் கணித்த விதம் பற்றி மத்திய லண்டனில் ஒரு பேச்சு என்றதும் ஆசைப்பட்டுப் பதிந்தேன். ஆளுக்கு எட்டுப் பவுண்ட். இரண்டு மணிக்குத் தொடக்கம்.

நாங்கள் இருக்கும் தோர்ண்டன் ஹீத்திலிருந்து விக்டோரியாவுக்கு ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம். அங்கிருந்து பஸ், 1.75 பவுண்ட். பிறகு ஐந்து நிமிட நடை. பன்னிரண்டரைக்குக் கிளம்பினால் தாராளம். ஆனால் இவர் அசையவில்லை. வாரம் முழுக்க நிமிடத்துக்குப் பயந்து ஓடுகிற மனிதர், லீவு நாளில் மணிக்கூட்டைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவார்.

"ஆறு மணிக் கலியாணத்துக்கே ஏழரைக்குத்தான் சனம் வரும். இது மணிக்கூடே இல்லாத ஆக்களின்ரை கூட்டம். ஆறுதலாப் போவம்," என்றார். நானும் தலையாட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலும் குறைவு. போய்ச் சேர 2.12. கதவைச் சாத்திவிட்டார்கள். பிந்தி வருபவர்களுக்கு அனுமதி இல்லை என்று டிக்கெட்டிலேயே இருக்கிறதாம். வாசலில் நின்ற பெண் விரலால் தொட்டுக் காட்டினாள். ஓடிவருகிறவர்களின் முகத்துக்கு முன்னால் கதவைச் சாத்துவது இவருடைய அன்றாட வேலை, அதனால் வாதாடக்கூட இவருக்கு வாய் வரவில்லை. எனக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. வாசல் பெஞ்சிலேயே இருந்தோம்.

மூன்று மணிக்குப் பேச்சாளரே வெளியே வந்தார், ஓக்லஹோமாவிலிருந்து வந்த பொட்டாவாட்டமிப் பெண். எங்கள் கதையைக் கேட்டு அவர் முகம் வாடிவிட்டது. தங்கள் ஊரில் ஆட்கள் வந்து சேர்ந்த பிறகுதான் தொடங்குவார்களாம். இங்கே மண்டபம் ஒரு மணி நேரத்துக்குத்தான் கிடைத்ததாம். நின்றபடியே எங்களுக்கு இரண்டு சொற்கள் சொல்லித் தந்தார். நிலவு அவர்களுக்கு இரவுச் சூரியன். நாளை என்பது 'வாபெக்', அதாவது விடியும்போது.

"விடிய முன்னமே வேலைக்குப் போறவனுக்கு நாளை எப்ப?" என்று இவர் ஆங்கிலத்தில் கேட்டார். அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு இன்று எப்போது முடிகிறது?" என்று திருப்பிக் கேட்டார். 

இப்படியான பேச்சுகளுக்குப் போக நினைப்பவர்கள், ஞாயிறு ரயில் நேரத்தை முதல் நாளே பாருங்கள். அரை மணி முன்பே வாசலில் நில்லுங்கள். யாருடைய பொழுதைப் பற்றிப் பேசினாலும் கதவை லண்டன் நேரத்துக்குத்தான் சாத்துவார்கள்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன், ஒருநாளாவது ஒன்றாகச் சாப்பிடலாம் என்று. ஆறரைக்கே இவர், "மூண்டு மணிக்கு எழும்பவேணும். நீர் சாப்பிடும்," என்று திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துவிட்டார். வெளியே நல்ல வெயில்.