வந்தாச்சா அண்ணன் கேள்வி கேட்காத ஒரு மணி நேரம்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் வந்தாச்சா அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவரும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பி, "என்ன, வந்தாச்சா?" என்பார். பெயர்ப் பொருத்தம் அப்படி.

பிறவிக் குணம் அது. பள்ளியில் பயறு விதைத்து வளர்க்கச் சொன்னபோது, காலையில் விதைத்ததை மத்தியானமே தோண்டிப் பார்த்தார், முளைத்துவிட்டதா என்று. சாயங்காலம் மறுபடி தோண்டினார். அந்தப் பயறு கடைசிவரை முளைக்கவில்லை. பாவம், அதற்கு அவகாசம் கொடுத்தால்தானே! காதலைச் சொன்னபோதும் இதே கூத்துதான். "யோசிச்சு சொல்றேன்" என்று அந்தப் பெண் மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் போன் போட்டு, "யோசிச்சாச்சா?" என்றார். "யோசிச்சாச்சு. சரி. இப்ப போனை வைங்க" என்றாள் அவள். கல்யாணம் அப்படித்தான் நிச்சயமானது. அவளுக்குப் பல் மருத்துவமனையில் வேலை. நாள் முழுக்க ஊராரை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் புருஷனை மூடச் சொல்வாள்.

பள்ளி நாடகங்களுக்கு வேஷ உடைகள் வாடகைக்கு அனுப்பும் கம்பெனி அவருடையது. அதாவது, அவர் வேலை பார்ப்பது. உடைகள் இருக்கும் கிடங்கு ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில், வேறு ஊரில் இருந்தது. ஆர்டர் வந்தால் கூரியருக்குச் சொல்வது, பார்சல் எங்கே போகிறது என்று பார்ப்பது, பள்ளிக்குத் தகவல் அனுப்புவது, இதையெல்லாம் மனிதக் கை படாமல் கணினியே செய்யும்படி அமைத்திருந்தார். அவர்கள் கணினி கூரியர் கம்பெனியின் கணினியை நேரடியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சுவாசலுக்கு ஏபிஐ என்று பெயர். நல்ல ஏற்பாடு. ஆனால் அமைத்தவர் யார்? நம் அண்ணன். தன் குணத்தை அப்படியே அதற்கும் ஊட்டி வளர்த்துவிட்டார். நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு பார்சலுக்கும், "சேர்ந்ததா? சேர்ந்ததா?" என்று அது கேட்கும். சேர்ந்து, நாடகம் முடிந்து, உடை திரும்பி வந்து துவைத்துக் காயப்போட்ட பிறகும் கேட்கும். நிறுத்து என்று யாரும் அதற்குச் சொல்லவில்லையே. இதில் உச்சம் என்னவென்றால், கூரியர் கணினி "கொஞ்சம் பொறு" என்று பதில் சொன்னால், பதில் சரியில்லை என்று எடுத்துக்கொண்டு உடனே இன்னும் மூன்று தடவை கேட்கும்.

அன்று மத்தியானம் கூரியர் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார்.

"சார், உங்க சிஸ்டத்துக்கு பதில் சொல்லவே எங்க சிஸ்டத்துக்கு நேரம் பத்தல. தானாவே பூட்டிக்கிச்சு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் காலை அவருடைய மகளின் பள்ளியில் நாடகம். பெரிய மரவட்டை ஒன்று மேடையில் ஊர்ந்து வரவேண்டும். உள்ளே வரிசையாகக் குழந்தைகள். கடைசியில், வால் பக்கம், அவர் மகள். "மரவட்டையை நான் வரவழைக்கறேன், அப்பா பொறுப்பு" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருந்தார். கிடங்கிலிருந்து கடைசி வண்டி ஆறு மணிக்குக் கிளம்பும். மரவட்டைக்கு இன்னும் வண்டி பதிவு செய்யவில்லை. பதிவும் அந்தப் பூட்டிய கணினி வழியாகத்தான் ஆகவேண்டும்.

"நீங்களே திறந்து விடுங்க மேடம், புண்ணியமா போகும்!"

"என் கையில இல்ல சார். ஒரு மணி நேரம் உங்க பக்கத்துலேருந்து ஒரு கேள்வி கூட வரக்கூடாது. வந்தா மறுபடி முதல்லேருந்து எண்ணும். திறந்தா அதுவே உங்களுக்கு செய்தி அனுப்பும். நீங்க திறந்துச்சான்னு பார்த்தா, அதுவும் ஒரு கேள்விதான்."

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்கள். இவர் ஆக்கவும் பொறுத்தவர் இல்லை.

ஓடிப்போய் கணினியில் தான் அமைத்த எல்லா விசாரிப்புகளையும் நிறுத்தினார். நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை. கூரியர் அம்மாளுக்குப் போன் போட்டார்.

"நான் இப்படி போன் பண்றது கணக்குல வருமா மேடம்?"

"கணக்குல வராது சார், என் தலைவலில வரும். ஆனா உங்க பக்கத்துலேருந்து கேள்வி இன்னும் வந்துட்டேதான் இருக்கு."

வந்துகொண்டே இருக்கிறதா! அலுவலகத்தில் வேட்டை தொடங்கியது. முதலில் பிடிபட்டது முதலாளியம்மா அறையின் பெரிய திரை. பார்சல்கள் எங்கே போகின்றன என்று வரைபடத்தில் புள்ளி புள்ளியாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பது அந்த அம்மாளுக்குப் பிடிக்கும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு கேள்வி.

"அது சும்மா அழகுக்குத்தானே ஓடுது?" என்றார் முதலாளியம்மா.

"அழகு நாளைக்குப் பார்க்கலாம் மேடம்" என்று பிளக்கையே பிடுங்கினார்.

அடுத்து கணக்குப் பிரிவு. அங்கே இருந்தவர் அண்ணனை நம்பாமல், தனக்கென்று தனியாக ஒரு விசாரிப்பு அமைத்து வைத்திருந்தார். அவரை நம்பாமல் பக்கத்து மேஜைக்காரி இன்னொன்று. ஒரே பார்சலை ஒரே அலுவலகத்திலிருந்து இத்தனை பேர் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்! ஒருத்தர் கேட்டு மற்றவர்களுக்குச் சொன்னால் ஆகாதா? எல்லாவற்றையும் நிறுத்தினார். மறுபடி போன்.

"இப்ப மேடம்?"

"நிமிஷத்துக்கு ஒண்ணு, தவறாம வருது சார். மரவட்டை, மரவட்டைன்னு."

அலுவலகமே ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தது. முதலாளியம்மா தன் கைப்பையைத் திறந்தே காட்டிவிட்டார். அப்போது அண்ணனின் சட்டைப்பையில் போன் லேசாக அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். திரையில், "மரவட்டைக்கு வண்டி வந்ததா? பதில்: பொறு."

அவரேதான். ஒரு வாரம் முன்பு ஆசை ஆசையாகத் தன் போனில் அமைத்து வைத்து, மறந்தே போன விசாரிப்பு. தன் கையே தன் கண்ணைக் குத்தியது என்றால் இதுதான். அலுவலகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். கடிகாரம் ஐந்தைத் தொடப் பத்து நிமிஷம் இருந்தது. இனி ஒரு கேள்வி போனாலும் மரவட்டை இல்லை.

அந்த விசாரிப்பையும் நிறுத்திவிட்டு, போனை முதலாளியம்மாவிடம் ஒப்படைத்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் தாளம் போட்டது. கொஞ்ச நேரத்தில், எதையாவது செய்யாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று எழுந்து, வெள்ளைப் பலகையில் எல்லாவற்றையும் புதிதாக வரைந்தார். சேர்ந்த பார்சலைப் பற்றி இனிமேல் கேட்கக் கூடாது. பொறு என்றால் பொறுக்க வேண்டும். எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு இடம்தான் கேட்கும். அதையும்விட, பார்சல் ஓர் இடம் நகர்ந்தால் கூரியர்காரரே நமக்குச் சொல்லும்படி ஏற்பாடு செய்தால், கேட்கவே வேண்டாம். கூரியர் கணினியில் அந்த வசதி முதல் நாளிலிருந்தே இருந்தது. இவருக்குத்தான் அடுத்தவர் சொல்லும்வரை காத்திருக்கும் பழக்கம் இல்லை.

நடுவில் மகளிடமிருந்து போன் வந்தது. முதலாளியம்மாதான் எடுத்து அவர் காதில் வைத்தார்.

"அப்பா, மரவட்டை கிளம்பியாச்சா?"

"கிளம்பினா நானே சொல்றேன் கண்ணு. நீ கேக்கவே வேணாம்."

"நிஜமா சொல்வியா?"

"நிஜமா."

சொல்லி முடித்ததும் அவருக்கே ஒரு சந்தேகம். தன்னிடம் இப்படி யாராவது சொல்லியிருந்தால், அவர் நம்பியிருப்பாரா?

ஆறுக்குப் பத்து நிமிஷம். முதலாளியம்மா கையிலிருந்த போன் டிங் என்றது. அந்த அம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினார்: "வந்தாச்சு! அண்ணே, வந்தாச்சு!" அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு கேள்வி அனுப்பி வண்டியைப் பதிவு செய்தார். கைதட்டலில் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. முதல் காரியமாக மகளுக்குப் போன் செய்து, "கிளம்பியாச்சு கண்ணு!" என்றார். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார். மனைவிக்கு அதை நம்ப முடியவில்லை. மூச்சு வருகிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை பள்ளி அரங்கில் விளக்கு அணைந்தது. பச்சையும் மஞ்சளுமாக மரவட்டை உள்ளே வந்தது. தலை இடது பக்கம் போனது, நடு வலது பக்கம் போனது. எல்லோரும் சிரித்தார்கள். திடீரென்று வால் பக்கம் மட்டும் நின்றுவிட்டது. துணி தூக்கப்பட்டது. கலைந்த தலையோடு ஒரு சின்ன முகம் வெளியே வந்து, இருட்டில் கண்ணைச் சுருக்கித் தேடியது.

"அப்பா, வந்தாச்சா?"

வாயை மூடச் சொல்லியே பழகிய மனைவி அவர் விலாவில் இடித்தாள். "சொல்லுங்க!"

அவர் எழுந்து நின்றார். தன் வாழ்நாளில் இதுவரை இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொன்னதே இல்லை. கையை உயர்த்தி ஆட்டினார். "வந்தாச்சு கண்ணு!"

முகம் சிரித்துவிட்டு உள்ளே போனது. துணி இறங்கியது. மரவட்டை ஊர்ந்தது. நாடகம் முடியும்வரை அவள் மறுபடி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.