மூலம் என்று சொல்லப்பட்ட சாவுகள்

நாவற்குடாவில் தையல் வகுப்பு நடத்தும் றோஸ்மேரிக்கு நாற்பத்திரண்டு வயது. இரத்தம் குறைந்து வகுப்பிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் டொக்டரிடம் போனாள்.

"குடும்பத்தில ஆருக்கும் குடல் புற்றுநோய் வந்ததா?"

"இல்ல டொக்டர். அப்பா நாப்பத்தாறு வயசில மூலத்தால செத்தவர்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "அந்த வயசில மூலத்தால சாகிறதில்ல. வடிவா விசாரிச்சுட்டு வாங்க."

விசாரிக்க மிஞ்சியிருந்தவர் பெரியப்பா ஹெக்டர் ஒருவர்தான். ஓய்வுபெற்ற அதிபர். வீட்டுக்கு வருகிறவர்களை இன்னும் மாணவர்களைப்போல நிற்கவைத்தே பேசுவார்.

"டொக்டரிட்ட மூலம் எண்டே சொல்லு. போதும்," என்றார்.

"அப்பாட தங்கச்சி, மாமியும் அப்படித்தானே செத்தவ? அவக்கும் மூலமா, பெரியப்பா?"

ஹெக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "ரெண்டு பேருக்கும் குடல்ல புத்துநோய்தான். வெளிய சொல்லிராத புள்ள. அப்ப என்ட மகள் டினுஷாவுக்குக் கலியாணம் பேசிக்கிட்டு இருந்தம். நோய்க் குடும்பம் எண்டா ஆரு வருவான்?"

"உங்கட மகளுக்காவது தெரியுமா?"

"தெரிஞ்சு என்ன செய்யப்போறாள்?"

சின்ன வயதில் இந்த மனிதரின் செருப்புச் சத்தத்துக்கே நடுங்கியவள் றோஸ்மேரி. இப்போது அவருடைய மைபூசிய மீசையைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. கூடப்பிறந்த இருவரின் சாவையும் பொய்யாக்கிவிட்டு, அதற்கு மானம் என்று பெயர் வைத்திருக்கிறார். வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் வெளியேறினாள்.

டொக்டரிடம் உண்மையைச் சொன்னாள். கமராக் குழாய் விட்டுப் பார்த்ததில் குடலில் இரண்டு சதைக் கட்டிகள் இருந்தன. புற்றுநோயாக மாறுமுன் வெட்டி எடுத்தார்கள். வீடு திரும்பியதும் டினுஷாவுக்குத்தான் முதலில் அழைத்தாள்.

"எங்கட அப்பா பொய் சொல்லமாட்டார்!" என்று டினுஷா கத்திவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். ஆனால் இரண்டு கிழமையில் ஒருவருக்கும் சொல்லாமல் போய்ச் சோதித்துக்கொண்டாள். அவளுக்கும் ஒரு கட்டி வெட்டினார்கள்; அதன்பிறகே வீட்டில் சொன்னாள்.

அதற்கடுத்த ஞாயிறு ஆராதனையில் ஹெக்டர் சாட்சி சொல்ல எழுந்தார். "எங்கட குடும்பத்து நோயை முன்கூட்டியே அறிஞ்சு, பிள்ளைகளைத் தக்க நேரத்தில அனுப்பி வச்சன்." குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. சபை ஆமென் என்றது. இந்த மனிதரைத் திருத்துவதற்குச் செலவழிக்க றோஸ்மேரியிடம் ஒரு சொல்லும் இல்லை.

வெளியே அவர் நீட்டிய கையைக் கடந்துபோய் டினுஷாவிடம் கேட்டாள்: "உன்ட தம்பி றொனால்ட் சோதிக்கப் போனானா?"

"திங்கள் போறானாம், அக்கா."

"நீயும் கூடப் போ. பயத்தில பாதி வழியில திரும்பிருவான்."