இயந்திரத்துக்கு ஒரு பச்சைப் பொட்டலம்

துங் ஸூயின் எந்த அறைக்குள் போனாலும் மனிதர் முகத்துக்கு முன்னால் இயந்திரங்களின் தலையைத்தான் பார்ப்பாள். அங்கே பச்சைப் பொட்டலம் இருக்கிறதா, அதன் தேதி தாண்டிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் வணக்கம் சொல்லுவாள். தேங்காய் மணக்கும் சோளத் தின்பண்டம் அது. பெயருக்கே ‘சமர்த்தாக இரு’ என்றுதான் பொருள். தைவானின் சாங்குவாவில் அது இல்லாமல் எந்த இயந்திரமும் ஒழுங்காக ஓடாது. மஞ்சள் பொட்டலம் வைத்தால் முரண்டு பிடிக்கும். வைத்ததைப் பிரித்துத் தின்றால் படுத்தே விடும்.

மிதிவண்டி பெடல் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் நிர்வாக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பொட்டலம் மாற்றுவது அவள் பொறுப்பு. அப்பா கடைத்தெருவில் இறைச்சி உருண்டை விற்பவர். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் ஸூயின். குளிர்பெட்டியில் பழைய சோறு வைக்கக் கூடாது என்பதற்குக்கூட அலுவலகத்தில் அவள்தான் விதி எழுதினாள். எழுதி ஒட்டிவிட்டு, இது யாருக்காவது உதவுமா, இல்லை படித்தவள் என்று காட்டிக்கொள்கிறேனா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள்.

அந்த வசந்தத்தில் ஊதா நிறப் பெடல் விவகாரம் வெடித்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், வேறு நிறம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். கடிதங்களைக் கவனிக்கும் குன்பின், பதிலைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதச் சொல்லி அப்படியே அனுப்பிவிட்டார். தொழிற்சாலை செய்தே இராத ஊதாவிலும் உண்டு என்று அது தாராளமாக வாக்குக் கொடுத்திருந்தது. வாடிக்கையாளர் மகிழ்ந்துபோய், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வண்டிகளுக்கென்று ஒரு கொள்கலன் நிறையக் கேட்டுவிட்டார். சாயக்கூடமே ஊதாவாயிற்று. கோபத்தில் முதலாளி லியாவின் காதுமடல்கூட.

மறுநாள் சுவரில் அறிவிப்பு. அடுத்த திங்கள் முதல் செயற்கை நுண்ணறிவுக்கு முழுத் தடை. படித்தால் எழுந்து நிற்கத் தோன்றும், அத்தனை கம்பீரம்.

தடை வந்தால் கடித வேலை வெளி ஆளுக்குப் போகும். குன்பின் பழையபடி அட்டைப்பெட்டி கட்டும் கொட்டகைக்குப் போவார். ஐம்பது வயதுக்கு மேல் அந்த வேலை எப்படியிருக்கும் என்று தெரிந்துதான், அவர் மதியச் சாப்பாட்டைத் தின்னாமல் கிளறிக்கொண்டே இருந்தார்.

ஸூயின் முதலாளியிடம் போனாள். “தடை வேணாம் முதலாளி. விதி போடலாம்.”

“எல்லாரும் கேட்டு நடக்கற விதியா இருந்தா கொண்டா. திங்கக்கிழமை வரைக்கும் டைம்.”

அவள் பக்கம் பக்கமாக எழுதினாள். பயன்படுத்துகிறவர் பெயர் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றாள். கூட்டத்தில் கேட்டபோது ஒருவருமே பயன்படுத்துவதில்லை என்று தெரியவந்தது. முதலாளி உட்கார்ந்திருக்கும்போது “நான்தான்” என்று கை தூக்க அந்த அலுவலகத்தில் யாருக்குத் தைரியம்? கணக்குப் பிரிவு யாலிங்கின் கைப்பேசி அப்போதுதான், “உங்கள் விடுப்புக் கடிதம் தயார்” என்று சத்தமாகச் சொன்னது. எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் குன்பின் சீண்டினார். “ஏம்மா ஸூயின், காப்பி மிஷினுக்குக்கூட பொட்டலம் வெக்கிற. ஊதா பெடல் போட்ட மகராசனுக்கு எங்க வெச்ச?”

“அதுக்குத்தான் உடம்பே இல்லியே குன்பின் அண்ணே. எங்கயோ கடலுக்கு அந்தாண்ட இருக்கு.”

“அதான் முரண்டு பிடிக்குது.”

யாலிங் சிரித்து முடிக்கும்முன் ஸூயின் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டாள். “இருங்க, இருங்க. அது எழுதிக் குடுத்தது வந்து எறங்குற எடம் நம்ம மேசைதானே? பொட்டலத்தை அங்க வெச்சா?”

பக்கம் பக்கமாக இருந்தது ஒரே தாளாகச் சுருங்கியது. இயந்திரத்திடம் எழுதி வாங்கியவர் தன் மேசையில் பச்சைப் பொட்டலம் வைக்க வேண்டும். இன்னொருவர் வந்து அதை முழுதும் படித்துத் திருத்தாமல் வெளியே அனுப்பக் கூடாது. திருத்தியதும் இருவரும் பொட்டலத்தைப் பிரித்துத் தின்னலாம். வாடிக்கையாளரின் வரைபடம், விலை, சக ஊழியரின் சங்கதி எதையும் இயந்திரத்திடம் சொல்லக் கூடாது. ஸூயின் அப்பா கடையில் உரக்கப் பேசத் தயங்குவதை அதனிடமும் பேசக் கூடாது. தவறு வந்தால் பொறுப்பு அனுப்பியவருக்கும் படித்தவருக்கும்.

“பிரிச்சுத் தின்னா மிஷின் படுத்துரும்டி,” என்றாள் யாலிங்.

“ஒருத்தர் படிச்சதுக்கப்புறம் அது படுத்தா என்ன, எந்திரிச்சா என்ன?”

திங்கள் காலை ஸூயின் அந்தத் தாளை முதலாளியின் அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டினாள். எல்லா மேசையும் துடைத்து வைத்ததுபோல் வெறுமையாக இருந்தது. குன்பினின் இழுப்பறைக்குள் ஒரு பொட்டலம் சரசரத்தது. ஆனால் கை வெளியே வரவில்லை. ஊதாக்காரன் என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகு முதலில் வைப்பது எப்படி? ஸூயின் தன் தாளை இன்னொரு முறை படித்தாள். இதுவும் குளிர்பெட்டி விதிதானா?

முதலாளி அறைக் கதவு திறந்தது. லியாவ் சுவரிலிருந்த அறிவிப்பைக் கிழித்தெடுத்துக்கொண்டு வந்து, நடுமேசையில் வைத்து, அதன்மேல் ஒரு பச்சைப் பொட்டலத்தை வைத்தார்.

“நான் எழுதல. கோவத்துல போன்கிட்ட சொன்னேன், அது எழுதிக் குடுத்துச்சு. யாராச்சும் படிச்சுப் பாருங்க.”

குன்பினுக்கு அடக்க முடியவில்லை. “அதுவே அதுக்குத் தடை போட்டுக்கிச்சா முதலாளி?”

ஸூயின் படித்தாள். “முதலாளி, ‘நமது சட்டப் பிரிவின் ஆலோசனைப்படி’ன்னு இருக்கு. நமக்கு ஏது சட்டப் பிரிவு?”

“கேக்க நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்.”

முதல் சிரிப்பு சாயக்கூடத்துப் பக்கமிருந்து வந்தது. இழுப்பறை திறந்தது, குன்பின் பொட்டலம் மேசையேறியது. பிறகு யாலிங்குடையது. மத்தியானத்துக்குள் முனைக்கடையில் பச்சை தீர்ந்துவிட்டது. அடுத்தவர் கடிதத்தைப் படிக்க ஆட்கள் போட்டி போட்டார்கள். விலை தவறு, தேதி தவறு, இல்லாத நிறம் எல்லாம் தொழிற்சாலை வாசலுக்குள்ளேயே பிடிபட்டன. குன்பின் கடித மேசையிலேயே இருந்தார், சற்றுப் பருத்து.

இரண்டு ஆண்டு கழித்துத் தைச்சுங் நகரில் ஒரு பெரிய நிறுவனம் இதேபோல் விதி எழுதும் வேலைக்கு ஸூயினை அழைத்துக்கொண்டது. கடைசி நாள் அவள் வாசித்த பிரியாவிடை உரைக்கு இயந்திரம் கொஞ்சம் கைகொடுத்திருந்தது. குன்பின்தான் படித்தார். “கண்ணீர் மல்க”வை மட்டும் அடித்துவிட்டு, “நீ எங்க அழுத?” என்று கேட்டுக் கையை நீட்டினார். பொட்டலம் இல்லை. முனைக்கடையில் மஞ்சள்தான் இருந்தது.

“கடன், குன்பின் அண்ணே. அடுத்த வாரம் கொண்டுவந்து தர்றேன்.”

அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் தொழிற்சாலைக்கு வருகிறாள், இயந்திரங்களின் தலையைப் பார்க்கிறாள், வெறுங்கையோடு திரும்புகிறாள். குன்பினும் ஒவ்வொரு முறையும் கையை நீட்டத் தவறுவதில்லை. அந்தப் பொட்டலம் இன்னும் வந்தபாடில்லை.