எக்ஸ்ரே அம்மாவின் வாய்

பஸ்ஸில் பின்சீட்டில் யாராவது இருமினால் எக்ஸ்ரே அம்மாவின் தலை அரை அங்குலம் திரும்பும். புகை பிடிக்கிறவன் இருமலா, தூசியில் வேலை பார்க்கிறவன் இருமலா, படம் எடுத்துப் பார்த்தே தீரவேண்டிய இருமலா என்று காது பிரித்துச் சொல்லிவிடும். அப்புறம் தலை பழையபடி ஜன்னல் பக்கம் போய்விடும். வாய் மட்டும் திறக்காது. இறங்கும் இடம் வரைக்கும் அந்த இருமலைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆஸ்பத்திரியின் கடைசி வராந்தாவில், ஜன்னல் இல்லாத அறையில், இருபத்தெட்டு வருஷமாகப் படம் எடுக்கிறாள். ஐம்பத்துநாலு வயது. ஒல்லி உடம்பு, ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டால் கவசம்தான் தானாக நடந்து வருகிற மாதிரி இருக்கும். “தாடையைத் தூக்குங்க. தோளைத் தளர விடுங்க. மூச்சை இழுங்க... பிடிங்க... ம், விடுங்க.” அடுத்த நிமிஷம் ஆளின் உள்ளே இருப்பதெல்லாம் திரையில் வந்து நிற்கும். டாக்டருக்கு முன்னால் அதைப் பார்க்கிறவள் அவள்தான். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: “ஏம்மா, ஏதாச்சும் இருக்கா?” அவளிடமும் ஒரே பதில்தான்: “டாக்டர் சொல்லுவார்.”

வேலைக்கு வந்த புதிதில் ஒரு தப்புச் செய்தாள். படத்தில் கெட்டது தெரிந்தால் அந்த ஆளை வாசல் வரைக்கும் கூடப் போய் விட்டுவிட்டு வருவாள். மனசு கேட்காமல் செய்ததுதான். பெஞ்சில் காத்திருக்கிற சனம் சும்மா இருக்குமா? ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டது. “அந்தப் பொண்ணு கூட எழுந்து வந்துச்சா? அப்ப கதை முடிஞ்சுது” என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு நாள் கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, இவள் நாற்காலியை விட்டு எழுந்ததைப் பார்த்ததுமே “வராதீங்க, கிட்ட வராதீங்க” என்று அலறிக்கொண்டு வராந்தா முழுக்க ஓடினாள். அவள் படத்தில் ஒன்றுமே இல்லை. இவள் எழுந்தது மின்விசிறியைப் போட.

அன்றோடு வாசலுக்குப் போவதை விட்டாள். நல்ல படத்துக்கும் கெட்ட படத்துக்கும் ஒரே முகம், ஒரே குரல் என்று பழகிக்கொண்டாள். கூட வேலை செய்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பேர் கல்லுளிமங்கி.

சொந்தக்காரர்களின் கோபம் பேர் வைத்ததோடு நிற்கவில்லை. சித்தி மகளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தார். நல்ல மனுஷன், எப்போதோ நெஞ்சில் சீக்கு வந்து, மருந்து சாப்பிட்டு, முழுக்கக் குணமானவர். கல்யாணமாகி ஆறாம் மாதம் அது வெளியே வந்தது. சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். “படம் எடுத்தவளே நீதானேடி! வாயில என்ன வச்சிருந்த?” “அது அவரோட படம் சித்தி” என்றாள் இவள். சித்தி வீட்டுக் கதவு அத்துடன் சாத்திக்கொண்டது. பின்னாலேயே பெரியப்பா வீடு, பெரியப்பாவின் இரண்டு மகள்கள் வீடு. கேன்டீனில் உட்கார்ந்தால் யாராவது பக்கத்தில் வந்து தணிந்த குரலில் யார் படத்தையாவது பற்றிக் கேட்பார்கள் என்று, மத்தியானச் சாப்பாட்டையும் அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு தனியாகவே சாப்பிடுகிறாள்.

மிச்சம் இருந்தது அண்ணி வீடு ஒன்றுதான். அண்ணன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவாள். தாயில்லாத பதினோரு வயசுப் பெண்ணுக்குத் தலைவாரி விட்ட அண்ணி. இன்னும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுகிறாள். கல்லுளிமங்கியைக் கேலி செய்யத் துணிந்த ஒரே ஆளும் அவள்தான். “உப்பு சரியா இருக்கா பாப்பா? இல்ல, அதையும் டாக்டர்தான் சொல்லணுமா?”

அந்த அண்ணிக்கு இருமல் வந்தது. முதல் நாளே இவள் காது சொல்லிவிட்டது. கையைப் பிடித்து இழுத்து வந்து படம் எடுத்தாள். வலது பக்கம், மேலே, கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு வெள்ளை. “டாக்டர் சொல்லுவார் அண்ணி” என்று உறையைக் கையில் கொடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரிப் பரிசோதனைகள் எல்லாம் முடிந்து முடிவு வந்த அன்று, டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“புத்துநோய்தான்மா. சொல்ல வேண்டாம்னு உங்க அண்ணி பையன் ரொம்பக் கேட்டுக்கிட்டார். அம்மா தாங்க மாட்டாங்களாம். சளிக்கட்டுன்னு சொல்லிருக்கேன். நீங்களும் அப்படியே இருந்துக்கங்க.”

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். பேசாமல் இருப்பது அவளுக்குப் புதிதா என்ன?

மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அண்ணிக்கு ஒரு தங்கச்சி உண்டு. தாயார் வைத்துவிட்டுப் போன ஒரு பீரோவுக்காகப் பதினோரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அண்ணிக்கு இப்போது ஒரு நினைப்பு. “இந்தச் சளி விடட்டும் பாப்பா, போறேன். அவ முன்னால இருமிக்கிட்டு நின்னா, ‘சீக்குன்னதும் வந்துட்டா பாரு’ன்னு சொல்லுவா, வீம்புக்காரி.” விடுகிற இருமலா அது? இவள் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள். உப்பு இருந்ததா இல்லையா என்று அன்றைக்கு அவளுக்கே தெரியவில்லை.

நாலாவது வாரம் மறுபடி படம். மகன் கீழே மருந்து வாங்கப் போயிருந்தான். வெள்ளை பெரிசாகியிருந்தது. அண்ணி மேலே துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என்னடி இருக்கு அதுல?”

“டாக்டர் சொல்லுவார் அண்ணி.”

“அவர்தான் சளின்னு சொல்லிட்டாரே. நான் உன்னைக் கேக்கறேன். சளிதான்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, நம்பிட்டு எழுந்து போயிடறேன்.”

இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பேர் உண்மையைச் சொல்லு என்று கெஞ்சியிருக்கிறார்கள். பொய்யைச் சொல்லு என்று யாரும் கேட்டதில்லை. எக்ஸ்ரே அம்மா வாயைத் திறந்தாள். ‘ச’ கூட வரவில்லை. அண்ணி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கையில் படத்தையும் இன்னொரு கையில் அண்ணியையும் பிடித்துக்கொண்டு, காத்திருந்த ஏழு பேரையும் விட்டுவிட்டு, டாக்டர் அறைக்கு நடந்தாள்.

“சார், அண்ணி கேக்கறாங்க.”

டாக்டருக்கு முகம் மாறிற்று. “நான்தான் சொன்னேனேம்மா, அவங்க பையன்...”

“படம் அண்ணியோடது சார். பையனோடது இல்ல.” படத்தை மேஜையில் வைத்தாள். “சொல்றது என் வேலை இல்ல, நான் சொல்லல. ஆனா டாக்டர் சொல்லுவார், டாக்டர் சொல்லுவார்னுதான் எல்லாரையும் இங்க அனுப்பிருக்கேன். உங்களை நம்பித்தான் சார் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தது.”

டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். “உக்காருங்கம்மா. எவ்வளவு தெரிஞ்சுக்கணும் உங்களுக்கு?”

“என்னுது எவ்வளவோ அவ்வளவும்” என்றாள் அண்ணி.

மகன் மருந்துப் பையோடு வந்து சேர்ந்தபோது சொல்லி முடித்தாகிவிட்டது. அம்மா முகத்தைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். “ஊருக்கெல்லாம் வாயைத் தைச்சு வச்சிருப்பீங்க, எங்கம்மாகிட்ட மட்டும் பிரிச்சு விடணுமாக்கும்! இனிமே ஞாயித்துக்கிழமைன்னு எங்க வீட்டுப் படி ஏறிடாதீங்க அத்தை.”

‘நான் சொல்லவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அண்ணியும் மகனை அதட்டவில்லை. அவள் டாக்டரிடம் வேறொன்று கேட்டுக்கொண்டிருந்தாள். “தங்கச்சி வீடு ஏழு மணி நேரம் சார், பஸ்ல. உடம்பு தாங்குமா?”

“இப்ப தாங்கும். இந்த வாரமே போயிட்டு வந்துடுங்க. வந்ததும் வைத்தியத்தை ஆரம்பிக்கலாம்.”

அறைக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு ஜோடிச் செருப்புகள் கலைந்து கிடந்தன. எக்ஸ்ரே அம்மா கவசத்தைக் கழற்றாமலே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அண்ணியின் ஜோடியைத் தேடி எடுத்து, கால் நுழைய வாகாகத் திருப்பி வைத்தாள். மகன் முன்னால் போய்விட்டான். அண்ணி பிடிமானத்துக்கு அவள் தலையில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு காலை நுழைத்தாள். மறு காலையும் நுழைத்தாள். நுழைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.