மில்காரர் ஸ்டேரியோஸின் முதல் சாவு

போர்க்காலப் பஞ்சத்திலும் தொப்பை குறையாத ஒரே ஆள் எங்கள் கிரேக்க மலையூரில் மில்காரர் ஸ்டேரியோஸ்தான். அரைக்கக் கொடுத்த மூட்டை இளைத்துத் திரும்பி வரும். கேட்டால், "மாவு காத்துல பறக்குது, நான் என்ன பண்ண?" என்பார். பறந்த மாவு எங்கே போய் இறங்கியது என்று ஊருக்கே தெரியும்.

கோயில் மணியை உருக்கிப் பீரங்கி செய்ய இத்தாலியப் பட்டாளம் வருகிறது என்று சேதி வந்தது. மணியைச் சவப்பெட்டியில் வைத்துப் புதைத்துவிடலாம் என்றார் பாதிரியார். ஆனால் பஞ்சத்தில் செத்தவன் எவன் அவ்வளவு கனமாக இருப்பான்? எல்லோரும் ஸ்டேரியோஸைப் பார்த்தார்கள்.

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேனே!"

"அதான்டா வேணும். ஊருக்கு ஒரு நல்லதாவது பண்ணு, செத்துத் தொலை" என்றாள் ஒப்பாரிக்காரி பொலிக்ஸேனி.

தன் சாவுக்கு யார் யார் அழுவார்கள் என்று பார்க்க எவனுக்குத்தான் ஆசை இருக்காது? அவரும் சம்மதித்து, காலியான மணிக்கூண்டில் ஏறி ஒளிந்துகொண்டார்.

ஆறு பேர் தள்ளாடித் தள்ளாடிப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். கல்லறைத் தோட்ட வாசலில் ஓர் இத்தாலிய அதிகாரி மறித்தான். பிணத்தை முகம் தெரியக் கொண்டுபோவதுதான் ஊர் வழக்கம் என்பது அவனுக்கும் தெரியும்.

"ஏன் மூடியிருக்கு?"

"விஷக்காய்ச்சல்" என்றார் பாதிரியார்.

அதிகாரி இரண்டடி பின்வாங்கினான். "ஏன் இவ்வளவு கனம்?"

பொலிக்ஸேனி பெட்டிமேல் விழுந்தாள். "அடப்பாவி ஸ்டேரியோசே! என் கோதுமையத் தின்னியே, என் புள்ளைங்க சோளத்தத் தின்னியே, தின்னதெல்லாம் சுமந்துக்கிட்டே போறியே!"

மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு மூட்டை வயிற்றெரிச்சல் இருந்தது. கண்ணீர் அசலாகவே கொட்டியது. அதிகாரி தொப்பியைக் கழற்றி வழிவிட்டான்.

ஸ்டேரியோஸ் மேலே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒருத்தியாவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! ஒருத்தியும் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் வந்தது. செத்தவர் பேரில் கோதுமையை அவித்துச் சர்க்கரை போட்டு ஊருக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பட்டாளம் சந்தேகப்படும்.

"கோதுமைக்கு எங்கடா போறது?" என்று மணிக்கூண்டில் வந்து கேட்டாள் பொலிக்ஸேனி.

"மில்லுல பலகைக்கு அடியில இருக்குக்கா."

"எவ்வளவு எடுக்க?"

"எல்லாத்தையும்."

நாற்பதாம் நாள், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம், வருஷம் என்று ஊர் ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு மரியாதை எந்த நல்லவருக்கும் நடந்ததில்லை. செத்தவர் வெளியே தலைகாட்ட முடியுமா? மணிக்கூண்டிலேயே குடித்தனம், அவருக்கும் தன் பேரில் ஒரு கைப்பிடி கோதுமைதான், அதுவும் யார் கண்ணிலும் படாமல் கயிற்றில் கட்டி மேலே போகும்.

பட்டாளம் ஒருவழியாக ஒழிந்தது. எங்கள் ஊரில் சில வருஷம் கழித்துப் புதைத்தவரின் எலும்பை எடுத்து ஒயினில் கழுவுவார்கள்; அதே முறைப்படி மணியைத் தோண்டிக் கழுவினார்கள். கயிற்றால் கால்சட்டையை இறுக்கிக் கட்டிய ஒரு குச்சி மனிதர் கூட்டத்துக்குள் வந்து நின்றார்.

"யாருய்யா நீ?" என்றாள் பொலிக்ஸேனி.

"நான்தான்கா. செத்துப்போன ஸ்டேரியோஸ்."

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். கையிலிருந்த ஒயின் குடத்தைக் கீழே வைத்தாள். மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

ஸ்டேரியோஸ் பதறிப்போனார். "அக்கா, பட்டாளம்தான் போயிடுச்சே. யாருக்காக அழுவுற? போதும்கா!"

"சும்மா இருடா. இது உனக்கு."