தன் டீக்கும் காசு கொடுத்தவர்

டீக்கடை அண்ணா, நீங்கள் மாரடைப்பில் போய் ஒரு மாதமாகிறது. தொப்பூர் கணவாயில், தொந்தி தெரியும் பனியனோடு டீ ஆற்றுவீர்கள். உங்கள் டீக்கும் கல்லாவில் காசு போட்டுத்தான் குடிப்பீர்கள். ஒருநாள், பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த என்னிடம் உங்கள் டீக்குப் பத்து ரூபாய் கேட்டீர்கள்.

"கல்லா நெறையக் காசு கெடக்குதேங்ண்ணா?"

"அது கடையோடதுடா. மொதக் கடைய நானே டீயும் போண்டாவுமா தின்னு மூடுனேன். இதையாச்சும் காப்பாத்தோணும்."

"அப்பக் கடன் சொல்லுங்க."

"மொதலாளி திட்டுவான்டா."

"மொதலாளியே நீங்கதானே!"

"அதனாலதான் பயம். அவனப் பத்தி எனக்குத் தெரியும்."

கடை நிலைத்துவிட்டது, உங்கள் வீட்டு அக்கா நடத்துகிறார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை. கடைக்கு வருகிறவர்களே, போன இடத்திலும் அண்ணா டீக்குக் காசு தேடி மடியைத் தடவிக்கொண்டு நிற்பார். அங்கேயாவது ஒரு டீயை அவர் ஓசியில் குடிக்கவேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.