அண்ணன் செய்த ஜெபம்

அந்தத் தெருவில் அவளுக்குப் பேர் தையலக்கா. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். மிஷினும் ஓயாது, வாயும் ஓயாது. அவள் கணவர் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவை ஆலையில் கொதிகலன் பார்த்தவர். அங்கே சூப்பர்வைசர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கொதிகலன் வெடித்தது. சவப்பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்த நாளிலிருந்து அண்ணன் தினமும் சாயங்காலம் வந்தார். தங்கை தலையில் கைவைத்து, குரல் உடைய ஜெபித்தார். "ஆண்டவரே, இது உம்முடைய சித்தம். ஏன்னு கேக்காம ஏத்துக்கிற பெலனை இவளுக்குத் தாரும்." அந்த ஜெபத்துக்குப் பிறகுதான் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கும். அவர் சொன்னபடியே அவள் ஏனென்று கேட்கவில்லை. யார்மேலும் குறையில்லை என்று ஆலை நீட்டிய காகிதத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

ஆறாவது வாரம் ஆலை மெக்கானிக் கால்சட்டையைச் சுருக்கித் தரச்சொல்லிக் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"என்னண்ணே, அளவு சொல்லணுமா?"

"இல்லம்மா, மனசு கேக்கல. ஆவியை வெளிய விடற வால்வு அடைச்சிருந்தது. மாத்தணும்னு உங்க வீட்டுக்காரரும் நானும் மூணு தடவை சொன்னோம். ஆலையை ஒரு நாள் நிறுத்தணுமேன்னு உங்கண்ணன்தான் தள்ளிப்போட்டார். பக்கத்துல இருக்கிற கொதிகலனும் அதே கதிதான். இன்னைக்கும் ஓடுது."

அன்று மாலை அண்ணன் கையை உயர்த்தியபோது அவள் தலையை விலக்கிக்கொண்டாள்.

"வால்வு விஷயம் உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

அவர் சுவரைப் பார்த்தார். "எல்லாம் ஆண்டவரோட..."

"அவரை இழுக்காதீங்க. உங்களைத்தான் கேக்கறேன்."

"வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்மா. ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன்."

"நான் ஒரே ஒருத்தரைத்தானேண்ணா வச்சிருந்தேன்."

அவர் போனபின் முழங்காலிட்டாள். ஜெபம் வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு கொதிகலனின் முன்னால் நிற்கும் முகம் தெரியாத ஆள்தான் கண்ணுக்குள் வந்தார். மறுநாள் தையல் கடையைப் பூட்டிவிட்டு, மெக்கானிக்கைக் கையோடு கூட்டிக்கொண்டு தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனாள். விவரம் தெரியாமல் போட்ட கையெழுத்து அது என்று எழுதிக் கொடுத்தாள்.

இரண்டே நாளில் அந்தக் கொதிகலனை நிறுத்தினார்கள். அண்ணனுக்கு வேலை போயிற்று.

"கூடப்பிறந்தவனையே காட்டிக்கொடுத்துட்டியே, மன்னிக்கத் தெரியாம என்ன ஜெபம்?" என்றாள் அண்ணி, சபை வாசலில் நாலு பேர் கேட்க.

"மன்னிப்பை அவர் இன்னும் கேக்கவே இல்லையே அண்ணி," என்றாள் தையலக்கா.

அவள் சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். கணவரை நினைத்து அழுவது கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அடங்காதது வேறொன்று: ஆறு வாரம், ஒரு நாள் தவறாமல், அந்த ஜெபத்துக்கு அவளும் வாய் நிறைய ஆமென் சொல்லியிருக்கிறாள்.